திருப்பணிக்கு முன்னால் ஊரைக் கூட்டுங்கள்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் கோயில் திருப்பணிகள் செய்து ஓய்வு பெற்ற கொத்தனார்.

கேள்வி: எங்கள் மாரியம்மன் கோயில் கரும்புத் தோட்டக் காலத்தில் கட்டியது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே தகரம். இப்போது காரை உதிர்கிறது, மழைக்கு ஒழுகுகிறது. இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. பழைய குடும்பங்களில் பாதி சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் போய்விட்டன. இளசுகள் காவடிக்கு வருவதோடு சரி. நான் ஒருத்தி சொன்னால் யார் கேட்பார்கள்?
– ஒரு வாசகி, நார்த் கோஸ்ட்

பதில்: அம்மா, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், யாரும் அவசரப்பட்டு புல்டோசரைக் கூப்பிட்டுவிடாமல் இருக்க. 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம், 34ஆம் பிரிவு: 60 ஆண்டுகளைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபு அமைப்பின் பெர்மிட் இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. நம் குவாசுலு-நேட்டாலில் அந்த பெர்மிட்டுக்கு அமாஃபாவிடம் போக வேண்டும். நினைவுச்சின்னம் என்று வாசலில் போர்டு இருந்தால்தான் இது பொருந்தும் என்று பல கமிட்டிகள் நினைக்கின்றன. கட்டடத்தின் வயதே போதும், போர்டு தேவையில்லை. அந்தச் சட்டம் ‘மாற்றுவது’ என்று சொல்லும்போது பெயின்ட் அடிப்பதையும் பூச்சு வேலையையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டுகிற யோசனை இருந்தாலும் முதலில் கேட்டாக வேண்டும். கூட்டத்தில் இதை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். மிரட்டலாகச் சொல்ல வேண்டாம்.

சரி, சட்டம் இடிக்கிறவர் கையைப் பிடிக்கும். ஒழுகுகிற கூரையை அதனால் அடைக்க முடியாது. அதற்கு ஆள் வேண்டும். எங்கே ஆள் என்று கேட்பீர்கள். சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார்கள், ஃபீனிக்ஸில் இருக்கிறார்கள், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம்மவர்கள் பழைய ஊரை விட்டது விரும்பியா? எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து குடும்பங்களைப் பெயர்த்து எடுத்தது. கோயிலைப் பெயர்க்க முடியவில்லை. பிரிட்டோரியா மராபாஸ்டாட் மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1905 வாக்கில் தொடங்கிய கோயில். சனங்கள் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய லாடியத்துக்குப் போக வேண்டியதாயிற்று. கோயில் மட்டும் அங்கேயே நின்றது, தமிழ் லீக் என்ற அவ்வூர்த் தமிழர் சங்கம் அதைக் கைவிடவில்லை. டர்பன் கேட்டோ மேனரில் இன்னொரு கதை. 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுப்பிய கோயில் 1905 வெள்ளத்தில் போயிற்று. கதவுகளைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1947இல் அம்பலவாணர் ஆலயம் எழும்பியபோது அந்தக் கதவுகள்தான் வாசலுக்கு வந்தன. கதவு தேக்கா வேறு மரமா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கும்பிட்ட வாசல் வேண்டும் என்று நினைத்தார்கள்.

ஆகவே உங்கள் முதல் வேலை ஒரு நோட்டுப் புத்தகம். காவடி எடுத்த குடும்பம், கஞ்சி ஊற்றிய குடும்பம், கரகம் தூக்கிய குடும்பம் எது எது, இப்போது எந்த ஊரில், எந்த யூனிட்டில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லுங்கள். பிளான் போட்டு, காண்ட்ராக்டரையும் பேசி முடித்துவிட்டு “உங்கள் கருத்து என்ன” என்று கேட்கிற கூட்டங்களில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். டீ குடித்துவிட்டு எழுந்து போவார்கள், மறுமுறை வர மாட்டார்கள். ஒன்றும் முடிவாகாத நிலையில் கூப்பிடுங்கள்.

கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள், கையில் வேலை கொடுங்கள். நமக்கு இது புதிதல்ல. அப்பர் சுவாமிகள் உழவாரப்படையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். உழவாரப்பணி என்ற பெயரிலேயே கூப்பிடுங்கள். மடைப்பள்ளியில் சமைக்கிற அம்மாமார்களுக்கு எந்த மூலையில் தண்ணீர் இறங்குகிறது என்று தெரியும். எஞ்சினியரை அழைத்து வருவதற்கு முன்னால் அவர்களைக் கேளுங்கள். ஒரு தாத்தாவுக்கு எந்தச் சுவர் எப்போது கட்டியது என்று நினைவிருக்கும். பையன்கள் ஏணி போட்டு, கூரை ஓரத்து மழைத்தண்ணீர்ப் பீலியில் அடைத்த இலையை அள்ளட்டும். பாதி ஒழுகல் அங்கேயே நிற்கும். ஒன்று மட்டும் கவனம்: சுவரில் முளைத்த ஆலங்கன்றையோ அரசங்கன்றையோ பிடித்து இழுக்க விடாதீர்கள், செங்கல்லும் சேர்ந்து வரும். அடியில் வெட்டி, வேரைச் சாகடிக்கிற மருந்தை வெட்டுவாயில் தடவி, காய்ந்த பிறகு எடுக்க வேண்டும்.

இளசுகளை இழுக்க நான் எங்கே போனாலும் செய்கிற வேலை ஒன்று உண்டு. அமாஃபாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில், ஐந்து ராண்ட் நாணயம் அளவு இடத்தில் சின்ன பிளேடால் பெயின்ட்டைப் படலம் படலமாகச் சுரண்டுவேன். மேலே பளபளவென்று எனாமல் தங்கநிறம். அதன் கீழே ரோஸ். அதன் கீழே ஒரு பச்சை, பிறகு வெள்ளை. கடைசியில் சுவரோடு ஒட்டிய சுண்ணாம்பு நீலம், தொட்டால் விரலில் மாவாக ஒட்டும். அதைப் பார்த்த பிள்ளைகள் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள், வீட்டில் போய் “நம் கோயில் முதலில் நீலமா ஆயா?” என்று கேட்பார்கள். ஆயா சொல்வது இன்னொரு கதையாக இருக்கும். அடுத்த வாரம் ஆயாவும் வருவார்.

காரை உதிர்கிறது என்றீர்கள். பெரும்பாலும் காரணம் சிமென்ட்தான். பழைய செங்கல் மெத்தென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட்டைப் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட்டையும் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்பு பூத்து, செங்கல்லின் முகமே பொரிந்து விழும். ஒட்டுப் போடுவதென்றால் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஹார்ட்வேர் கடையில் பில்டர்ஸ் லைம் என்று கேளுங்கள். வயலுக்குப் போடுகிற சுண்ணாம்பு ஆகாது, அது இறுகாது. மெல்லிசாகப் பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, சில நாள் வெயில் படாமல் பாருங்கள். கோடையில்தான் நமக்கு மழை. மே முதல் ஆகஸ்ட் வரை இந்த வேலைக்கு நல்ல காலம். இதற்குப் பெரிய கொத்தனார் ஒருவர் கூடவே நின்று சொல்லித்தர வேண்டும், அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். பக்தியின் பேரில் இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள்.

கமிட்டிக்காரர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு ஹால் இல்லை, டாய்லெட் போதவில்லை, கார் நிறுத்த இடமில்லை: இதெல்லாம் உண்மையான தேவை. அதை இடம் பார்த்துப் பக்கத்தில் கட்டுங்கள். பழைய கருவறையும் முன்மண்டபமும் அப்படியே நிற்கட்டும். 12 வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று நமக்கு ஒரு கணக்கு இருக்கிறதே, அடுத்ததைக் குறி வைத்து நன்கொடை திரட்டினால் சனங்கள் கொடுப்பார்கள்.

கேள்வி: எங்கள் கோயிலைச் சுற்றி இப்போது தமிழர் வீடே இல்லை. அக்கம்பக்கம் எல்லாம் சுலு குடும்பங்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது?
– ஒரு வாசகர், டர்பன்

பதில்: தம்பி, ராத்திரி கோயிலில் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கப்போவது அவர்கள்தான். அப்போது உள்ளூர் மக்கள் யார்? கஞ்சி ஊற்றும்போது அவர்கள் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் அல்லவா, அங்கே உறவு ஏற்கெனவே இருக்கிறது. திருப்பணிக்கு ஆள் எடுக்கும்போது காவலுக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடாமல், சுண்ணாம்பு வேலை கற்றுக்கொள்ள அந்தத் தெருப் பையன்களில் சிலரை எடுங்கள். கோயில் வரலாற்றை சுலுவிலும் எழுதி வாசலில் வையுங்கள். வேலி போடுவதானால் போடுமுன் அவர்களோடு பேசுங்கள், அவர்கள் நடக்கிற பாதை அதில் அடைபடலாம். 1910இல் தொடங்கி, இப்போது டர்பன் வார்விக்கில் நடக்கும் எர்லி மார்னிங் மார்க்கெட்டை 2009இல் எடுத்துவிட்டு மால் கட்டப் பார்த்தார்களே, நம் காய்கறிக்காரர்களும் சுலு வியாபாரிகளும் வண்டி இழுப்பவர்களும் ஒன்றாக நின்றதால்தான் அது இன்னும் இருக்கிறது.

கேள்வி: கோயிலைக் கட்டிய பாட்டன்களின் பெயர் கல்லில் பாதி அழிந்துவிட்டது. எங்கே தேடுவது?
– ஒரு வாசகர், டோங்காட்

பதில்: கல்லைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழிந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும், அப்போது படம் எடுங்கள். ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு தகப்பன் பெயர், ஊர், ஜில்லா எல்லாம் இருக்கும். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தில் கேளுங்கள். போகும்போது குடும்பத்தில் உள்ள பழைய பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று எதுவானாலும் எடுத்துப் போங்கள். பல சான்றிதழ்களில் அந்த எண் எழுதியிருக்கும்.