ஸ்டீராய்டு தொடங்கிய ஆறாம் நாள் நெஞ்சு படபடத்தது

கேள்வி: வயது 34. வீடு பெங்களூரு அல்சூரில், வேலை ஒயிட்ஃபீல்டில். இரண்டு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு (பெருங்குடல் அழற்சிப் புண்) மெசலமின் என்ற அழற்சி குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மலத்தில் ரத்தம் போனதால் 12 நாள் முன்பு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 40 மி.கி. சேர்த்தார்கள். காலையில் 20, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 20 என்று நானாகப் பிரித்துக்கொண்டேன். ஆறாம் நாள் ராத்திரி திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மரத்துப்போய், செத்துவிடுவேன் என்றே தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. நான்கு நாள் கழித்து மெட்ரோவில் அதே மாதிரி. பையப்பனஹள்ளியிலேயே இறங்கி ஆட்டோ பிடித்தேன். தூக்கமே இல்லை. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு மளிகை டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து வைத்தேன். வயிறு இப்போது தேவலை. மாத்திரையை நிறுத்திவிடலாமா? மாமியார் இதை 'நரம்புத் தளர்ச்சி' என்கிறார்.

பதில்: நிறுத்தாதீர்கள். அதற்காக அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவும் வேண்டாம். மாத்திரை எழுதிய மருத்துவருக்கு இன்றே போன் செய்யுங்கள்.

விடையில் பாதி நீங்கள் எழுதிய தேதிகளிலேயே இருக்கிறது. மெசலமின் இரண்டு வருடமாகத் தொந்தரவு தரவில்லை. புதிதாக வந்தது பிரெட்னிசோலோன்தான். ஸ்டீராய்டு மனதில் கைவைத்தால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். 1972இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில், ஆஸ்பத்திரியில் சேர்ந்து தினம் 40 மி.கி. வரை பிரெட்னிசோன் (இதே வகை ஸ்டீராய்டு) எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்குக் கடுமையான மனநலப் பாதிப்பு வந்தது. 80 மி.கி.க்கு மேல் எடுத்தவர்களில் அது 18.4 சதவீதம். தூக்கம் கெடுவது, எரிச்சல், படபடப்பு போன்றவை இதைவிடச் சகஜம்.

ராத்திரி எடுக்கும் அந்த 20தான் எனக்கு உறுத்துகிறது. நம் உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் விடியற்காலையில் உச்சத்துக்குப் போகும், நடு ராத்திரியில் அடிமட்டத்துக்கு இறங்கும். ஒரு நாளைக்குச் சுரப்பது ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். நீங்கள் எடுப்பது அதைப்போல எட்டு மடங்கு, அதிலும் பாதி படுக்கப்போகும் நேரத்தில். உடம்புக்கு அப்போது விடிந்துவிடுகிறது. டப்பாவைத் துடைக்காமல் என்ன செய்வீர்கள்? முழு அளவையும் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு ஒரே வேளையாக எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமாக அப்படித்தான் கொடுப்போம். அப்புறம், ஃபில்டர் காபியைக் கொஞ்ச நாளைக்குக் காலை ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏன் நிறுத்தக்கூடாது? மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு கார்ட்டிசால் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் மூன்று வாரத்தைத் தொடவில்லை, சரி. ஆனால் பாதியில் விட்டால் குடல் புண் திரும்பக் கிளம்பும், மறுபடி முதலிலிருந்து 40. அளவைச் சீக்கிரம் குறைப்பதா, குடலில் வேலை செய்துவிட்டுப் பெரும்பகுதி கல்லீரலிலேயே அழிந்துபோகும் பூடெசொனைடு என்ற வேறு ஸ்டீராய்டுக்கு மாற்றுவதா என்பதை உங்கள் புண்ணின் நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். அளவு இறங்க இறங்கப் பெரும்பாலோருக்கு மனமும் அடங்கிவிடும்.

இருந்தாலும் எல்லாப் படபடப்பையும் ஸ்டீராய்டு தலையில் கட்டிவிட மாட்டேன். ரத்தம் போயிருக்கிறது, அதனால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். சோகையிலும் நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும். சர்க்கரை, தைராய்டு, ஒரு ஈசிஜி எல்லாம் ஒரே நாளில் முடிகிற வேலை. மெசலமினால் அபூர்வமாக இதயத் தசையோ அதன் உறையோ வீங்குவதுண்டு. குடல் அழற்சி உள்ளவர்களுக்கு ரத்தக் கட்டி வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே நெஞ்சு வலி விடாமல் இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்குவது அடங்காவிட்டாலோ நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். பேனிக் (திடீர்ப் பீதி) என்றால் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு வடியத் தொடங்கிவிடும்.

இதே நோய்க்கு வேறு மருந்து எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் பதற்றம், தூக்கமின்மை தரக்கூடும். இன்ஃப்ளிக்ஸிமேப் என்ற அழற்சி அடக்கும் மருந்து டிரிப்பில் ஏறும்போது நெஞ்சு இறுகினால் பயம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மெட்ரோவில் வந்ததில் மாத்திரைக்குப் பாதிப் பங்கு இருந்தால், மீதி கொலைட்டிஸுக்குத்தான். கதவு மூடிய பெட்டியில் 'இப்போது வயிறு கலக்கினால் எங்கே போவேன்' என்ற பயம் இந்த நோய் உள்ள யாருக்கும் புதிதல்ல. ஒரு தடவை வந்துவிட்டால், மறுபடி வருமோ என்ற பயமே அடுத்ததைக் கூட்டிவரும். அதனால் மெட்ரோவையே விட்டுவிடாதீர்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் இரண்டு ஸ்டேஷன் போய்ப் பழகுங்கள். வரும்போது நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம், அது பழக்கமாகிவிடும்.

'நரம்புத் தளர்ச்சி' சுவர் விளம்பரத்தில் இருக்கும் அளவுக்கு மருத்துவப் புத்தகத்தில் இல்லை. மாமியாரிடம் இதமாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் கூட இருக்கிறவர் என்பதால் அவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு நாள் முழுக்கத் துள்ளுவது, நிற்காமல் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, சாக வேண்டும் என்ற எண்ணம், இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே உங்களை மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 14416க்கு அழைத்தால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

மருத்துவருக்குப் போன் செய்யும்போது 'கொஞ்சம் டென்ஷனா இருக்கு டாக்டர்' என்று ஆரம்பிக்காதீர்கள். ஓய்வெடுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார். 'பிரெட்னிசோலோன் 40, இன்று 12ஆவது நாள், ஆறாம் நாளிலிருந்து இரண்டு தடவை படபடப்பு வந்தது, ராத்திரி 20 எடுக்கிறேன், தூக்கம் இல்லை, மெசலமினும் ஓடுகிறது' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள்.