கனடாவில் வங்கி இணைப்புகளை எதிர்த்து என்ன பயன்? கிரெடிட் யூனியனுக்கு மாறலாமா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. பெரிய வங்கிகள் சேரும்போதெல்லாம் அரசியல்வாதிகள் எதிர்க்கிறார்களே, அதனால் எதுவாவது நின்றிருக்கிறதா? பேசாமல் உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு நிதி நிறுவனமான கிரெடிட் யூனியனுக்கே போய்விடலாமா? உங்கள் வங்கி கைமாறிய கடிதம் வந்து, மோர்ட்கேஜ் (வீட்டுக்கடன்) புதுப்பிக்கும் நாளும் நெருங்குகிறது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நின்றிருக்கிறது. 1998 ஜனவரியில் ராயல் வங்கியும் பாங்க் ஆஃப் மொன்ட்ரியலும் சேரப்போவதாக அறிவித்தன. ஏப்ரலில் டிடி, சிஐபிசி வங்கிகளும் அதே வழியில் வந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று நிதியமைச்சர் பால் மார்ட்டின் இரண்டையும் நிராகரித்தார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: பொருளாதார பலம் சிலர் கையில் குவிந்துவிடும்; போட்டி பெரிதும் குறையும்; நாளை ஒரு வங்கி தள்ளாடினால் அரசுக்கு வேறு வழி இருக்காது. எதிர்ப்பு எதிர்க்கட்சியிலிருந்து மட்டும் வரவில்லை. ஆளும் லிபரல் எம்.பி.க்களே டோனி யானோ தலைமையில் குழு அமைத்து வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். சிறுதொழில் கூட்டமைப்பும் எதிர்த்தது. கடைக்காரர் ஒருவருக்கு ஒரு வங்கி கடன் மறுத்தால், அடுத்துப் போய்க் கேட்கும் கதவுகள் ஐந்திலிருந்து மூன்றாகிவிடும் என்பதுதான் அவர்கள் பயம்.

"சேராவிட்டால் உலகச் சந்தையில் நிற்க முடியாது" என்று அன்று வங்கிகள் வாதாடின. சேராமலேயே டிடி அமெரிக்காவில் பாங்க்நார்த், காமர்ஸ் வங்கிகளை வாங்கியது. பாங்க் ஆஃப் மொன்ட்ரியல் 2023இல் பாங்க் ஆஃப் தி வெஸ்டை 16.3 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பெரிய வங்கிகள் இருந்ததால்தான் 2008இல் கனடா தப்பித்தது என்று இங்கே யாராவது எழுதக்கூடும். தப்பியவை சேராத வங்கிகள் என்பதையும் அவர்கள் சேர்த்து எழுதட்டும்.

எல்லா எதிர்ப்பும் பலிப்பதில்லை. ராயல் வங்கி (ஆர்பிசி), எச்எஸ்பிசி கனடாவை 13.5 பில்லியன் டாலருக்கு வாங்கப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தது. குறைந்த மோர்ட்கேஜ் வட்டிக்குப் பெயர் போன வங்கி கைமாறுகிறது என்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொலியேவ் உட்படப் பலர் எதிர்த்தார்கள். போட்டி பெரிய அளவில் குறையாது என்று போட்டி ஆணையம் சொல்லிவிட்டது. 2023 டிசம்பரில் அன்றைய நிதியமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலாண்ட் அனுமதி கொடுத்தார், 2024 மார்ச்சில் கைமாறியது. ஆனால் எதிர்ப்பு வீணும் இல்லை. 33 கிளை இடங்களில் நான்கு ஆண்டு சேவை தொடர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடுதான் கையெழுத்து விழுந்தது. போட்டி ஆணையம் கருத்துத்தான் சொல்லும். முடிவு நிதியமைச்சருடையது, ஆகவே உங்கள் கடிதம் உங்கள் எம்.பி.க்கும் அவருக்கும் போக வேண்டும்.

கடிதம் எழுதுவது இருக்கட்டும், இணைப்பு நடந்தால் முதலில் ஜிஐசியை (குறித்த கால வைப்பை) பாருங்கள். வங்கி வைப்புகளுக்கான ஃபெடரல் காப்புறுதி, சிடிஐசி, ஒரு வங்கியில் ஒரு வகை வைப்புக்கு 100,000 டாலர். இரண்டு வங்கியிலும் உங்கள் பெயரில் 80,000, 80,000 இருந்து அவை சேர்ந்தால், இணைந்த நாளில் இருந்த வைப்புகள் தனித்தனியாகவே காக்கப்படும். முதிர்ந்த ஜிஐசியைப் புதுப்பித்தால் அந்தச் சலுகை போய்விடும். இரண்டும் புதுப்பிக்கப்பட்டதும் 160,000இல் 60,000க்குக் காப்புறுதி இல்லை. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே நிறுத்துங்கள்.

இப்போது கிரெடிட் யூனியன். 1900இல் கியூபெக்கின் லெவி நகரில் அல்போன்ஸ் டெஜார்டின் தொடங்கிய கெஸ் பாப்புலேர் என்ற கிரெடிட் யூனியனில், மறு ஜனவரியில் கதவு திறந்த முதல் நாள் சேர்ந்த பணம் 26 டாலர் 40 சென்ட். அடிப்படை இன்றும் அதேதான்: எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. உறுப்பினராகச் சிறு பங்கு வாங்க வேண்டும், பல இடங்களில் 5 டாலர் போதும். அந்தப் பங்குக்கு வைப்புக் காப்புறுதி கிடையாது. "முதலீட்டுப் பங்கு" என்று நல்ல வட்டி காட்டி விற்பதற்கும் கிடையாது, நினைத்த நேரம் அதைப் பணமாக்கவும் முடியாது. கவுன்டரில் ஜிஐசி பக்கத்திலேயே வைத்து விற்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வைப்புக்குச் சிடிஐசி அல்ல, மாகாணக் காப்புறுதி. ஒன்டாரியோவில் சாதாரணக் கணக்குகளுக்கு 250,000 வரை, ஆர்ஆர்எஸ்பி (ஓய்வுக்காலச் சேமிப்பு), டிஎஃப்எஸ்ஏ (வரியில்லாச் சேமிப்பு) போன்றவற்றுக்கு வரம்பில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபாவில் வைப்பு முழுவதற்கும் உண்டு. கியூபெக்கில் 100,000. ஃபெடரல் கிரெடிட் யூனியனாக மாறியவற்றுக்கு மட்டும் சிடிஐசி. இதை வைத்துக்கொண்டு கிரெடிட் யூனியன் பாதுகாப்பில்லாதது என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

மோர்ட்கேஜுக்கு வருவோம், பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இது. நிலையான வட்டி மோர்ட்கேஜைத் தவணை முடியுமுன் முறித்தால், வழக்கமாக மூன்று மாத வட்டி, அல்லது வட்டி வித்தியாசக் கணக்கு (உங்கள் வட்டிக்கும் இன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மிச்சக் காலத்துக்குப் போட்டது), எது கூடுதலோ அது தண்டம். 400,000 டாலர் பாக்கி, 4.5 சதவீதம், இரண்டு ஆண்டு மிச்சம் என்று வையுங்கள். மூன்று மாத வட்டி 4,500. பெரிய வங்கிகள் வழக்கமாகத் தள்ளுபடிக்கு முந்தைய, பலகையில் போட்ட வட்டியை வைத்துக் கணக்குப் போடும். இன்றைய இரண்டு ஆண்டுப் பலகை வட்டி 5.5, அன்று உங்களுக்குக் கொடுத்த தள்ளுபடி 2 என்றால், கழித்து வருவது 3.5. வித்தியாசம் 1 சதவீதம், இரண்டு ஆண்டுக்கு 8,000 டாலர். இன்று உண்மையில் கொடுக்கும் வட்டி 4.2ஐ வைத்துக் கழித்தால் வித்தியாசக் கணக்கு 2,400தான் வரும், அப்போது நீங்கள் கட்டுவது 4,500. கிரெடிட் யூனியன் என்பதாலேயே இரண்டாவது முறை என்று நம்பிவிடாதீர்கள், சில முதல் முறையையே வைத்திருக்கின்றன. எந்த வட்டியைக் கழிப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கொலாட்டரல் சார்ஜாக (பின்னால் மேலும் கடன் வாங்க இடம் வைத்து வீட்டைப் பிணையாகப் பதியும் முறை) பதிவார்களா என்பதையும் கேளுங்கள். அப்படிப் பதிந்தால், தவணை முடிந்து வேறிடம் மாற்றும்போதும் வழக்கறிஞர் செலவு வரக்கூடும்.

மாறும்போது பழைய கணக்கை இரண்டு மாதமாவது திறந்தே வையுங்கள். சம்பளம் சீக்கிரம் மாறிவிடும். காப்புறுதி, தொலைபேசி, ஜிம் போன்ற தானியங்கிப் பிடித்தங்களில் ஒன்று கட்டாயம் விடுபட்டு, பழைய கணக்கில் பணம் இல்லையென்று திரும்பும். வேறு மாகாணத்துக்குக் குடிபோகும் எண்ணம் இருந்தால் மோர்ட்கேஜைக் கூடவே கொண்டுபோக முடியாமல் போகலாம். கிளையை மூட நான்கு மாத முன்னறிவிப்பு, கிராமப்புறத்தில் 10 கிலோமீட்டருக்குள் வேறு கிளை இல்லாவிட்டால் ஆறு மாதம் என்ற ஃபெடரல் விதி வங்கிகளுக்கானது. மாகாணக் கிரெடிட் யூனியனை அது கட்டுப்படுத்தாது.

கிரெடிட் யூனியன்களும் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆல்பர்ட்டாவில் செர்வஸும் கனெக்ட் ஃபர்ஸ்டும் 2024 மே மாதம் ஒன்றாயின. ஆனால் அங்கே உறுப்பினர் ஓட்டுப் போட்ட பிறகுதான் அது நடந்தது. ஒன்டாரியோவில் இணைப்புக்கு ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அறிவிப்பு வந்தால் எந்தக் கிளைகள் எத்தனை ஆண்டுக்கு உறுதி, உங்கள் பங்கு புதிய நிறுவனத்தில் என்ன விலைக்கு மாறும், இயக்குநர் குழுவில் உங்கள் பக்கம் எத்தனை இடம் என்ற மூன்றையும் பாருங்கள். அந்த அறிவிப்பு மின்னஞ்சலில் விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும். உறுப்பினர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டெடுப்பு முடியும் தேதிக்கு முன்னால் தேடி எடுங்கள்.