ரத்தம் நீர்த்துவிடுமா?

கேள்வி: இதயத்தில் உலோக வால்வு பொருத்தியுள்ள என் அப்பச்சி, அசினோகூமரால் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அது ரத்தத்தை நீர்க்கச் செய்து உடம்பைப் பலவீனமாக்கிவிடும் என்று ஆத்தா அஞ்சுகிறார். கீரை ஆகாது என்று உறவினர்கள் சொன்னதால், சென்ற மாதம் முதல் வீட்டில் கீரை மண்டி வைப்பதையே நிறுத்திவிட்டோம். இது சரியா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆத்தாவின் அச்சம் தேவையற்றது. இம்மாத்திரை ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டிக்கிறது, அவ்வளவே. ரத்தத்தில் உள்ள உறைதல் காரணிகள் என்னும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் ஃபைப்ரின் இழைகளைப் பின்னுவதால்தான் கட்டி உருவாகிறது. உலோக வால்வின் மீது, காயம் ஏதும் இல்லாமலேயே இத்தொடர்வினை தொடங்கக்கூடும். அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும்.

இக்காரணிகளில் 2, 7, 9, 10 என்ற எண்களால் குறிக்கப்படும் நான்கையும் கல்லீரல் முழுமையாக்குவதற்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினைப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துவது கல்லீரலின் வழக்கம். அந்தப் புதுப்பித்தலைத்தான் மாத்திரை தடுக்கிறது. அதனால் அந்நான்கு காரணிகளும் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் திறன் குறைந்து, கொக்கியில்லாத சங்கிலிக் கண்ணிகளைப்போல வெளிவருகின்றன. முன்பே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் காரணிகள் தேய்ந்து தீரும் வரை முழுப் பலன் கிடைக்காது என்பதால், தொடக்க நாட்களில் உடனடியாக வேலை செய்யும் ஹெப்பாரின் ஊசியையும் சேர்த்துப் போடுவார்கள்.

இதே வகையைச் சேர்ந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்களுக்கான மருந்தானது. இதைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது, அந்த அளவு சரியா என்பதை, ரத்தம் உறையும் நேரத்தை ஓர் எண்ணாகக் கணித்துச் சொல்வதே ஐ.என்.ஆர். பரிசோதனை. இயல்பான நிலையில் 1-ஐ ஒட்டியிருக்கும் அந்த எண்ணை, வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்து, பெரும்பாலும் 2 முதல் 3.5 வரையிலான எல்லைக்குள் வைத்திருப்பார்கள்.

கீரைக்கு வருவோம். முருங்கைக்கீரை போன்றவற்றில் வைட்டமின் கே மிகுதி என்பது உண்மைதான். ஆனால் கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டால் போதும். கீரை உண்ட காலத்தில் குறித்த மருந்தளவு, அதைத் திடீரென நிறுத்தும்போது மிகையாகி ரத்தக்கசிவை உண்டாக்கலாம். ஆகவே, நிறுத்திய செய்தியை உடனே மருத்துவரிடம் சொல்லி, ஐ.என்.ஆர். பார்த்த பிறகு கீரையை மீண்டும் தொடங்குங்கள்.

கீரையைவிட எனக்குக் கவலை தருவது, முழங்கால் வலிக்கென்று மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள்தாம். அவை வயிற்றில் புண்ணை உண்டாக்கினால், உறையாத ரத்தம் அங்கேயே கசியும். மலம் கறுத்துப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.