எங்கள் கலர் மீட்டர் ஒரு எண் காட்டுகிறது, சப்ளையரின் மீட்டர் வேறு எண் காட்டுகிறது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். நழுவுகிறான் என்று நினைக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. தரப் பிரிவில் இருக்கிறீர்கள். சரக்கு வந்து இறங்கிவிட்டது, லைன் காத்திருக்கிறது. சப்ளையரின் ரிப்போர்ட்டில் பாஸ், உங்கள் கையிலிருக்கும் கருவியில் ஃபெயில். உற்பத்திப் பிரிவிலிருந்து ஒருவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "என்னாச்சு சார், எடுக்கலாமா?" என்று கேட்டபடி இருக்கிறார். இப்படித்தானே? கருவியைத் திட்டுவதற்கு முன்னால், இரண்டு கருவிகளையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்களா என்று பாருங்கள்.

நான் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் இடத்தில் தரப் பிரிவில் இருந்தபோது இதே சண்டை வந்தது. கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு உறை. மேல் பாதி எங்கள் மோல்டிங்கில் வரும், கீழ்ப் பாதி வெளி சப்ளையரிடமிருந்து வரும். இரண்டிலும் ஒரே மாஸ்டர்பேட்ச் (பிளாஸ்டிக்கில் கலக்கும் அடர் நிறத் துகள்கள்), ஒரே மெல்லிய சொரசொரப்பு. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பொருத்திவிட்டால் கீழ்ப் பாதி நன்றாகவே கறுத்துத் தெரிந்தது. சப்ளையரின் ரிப்போர்ட்டில் மேல் பாதியோடு ஒப்பிட்ட டெல்டா ஈ, அதாவது நிற வித்தியாசத்தின் அளவு, 0.4. எங்கள் கருவியில் 2-க்கு மேல். போன் போட்டால் அங்கிருந்த தர மேலாளர், "சார், எங்க மெஷின் பாஸ்னு சொல்லுது. நீங்க ஒருதடவை கண்ணை செக் பண்ணிக்கோங்க" என்றார். நிறப்பார்வைச் சோதனையில் தேறிய பிறகுதான் என்னை அந்த வேலையில் உட்கார வைத்தார்கள். அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கருவியோடு வரச் சொன்னேன், வந்தார். ஒரே பாகத்தில் ஒரே இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு இரண்டு கருவிகளையும் மாற்றி மாற்றி வைத்தோம். எண்கள் மறுபடியும் வேறு வேறு. அப்புறம் அவர் கருவியின் மெனுவைத் திறந்தோம். அது எஸ்.சி.ஐ. முறையில் இருந்தது. எங்களுடையது எஸ்.சி.இ.

இரண்டுமே கோளம் வைத்த கருவிகள். உள்ளே வெள்ளைப் பூச்சுள்ள கோளம் ஒளியை எல்லாப் பக்கமிருந்தும் பாகத்தின் மேல் பரப்பும். 8 டிகிரி சாய்விலிருந்து கருவி அதைப் பார்க்கும். எஸ்.சி.ஐ. என்றால் கண்ணாடிபோல நேராகத் திரும்பி வரும் மினுக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும். அதனால் மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பது அதற்குப் பெரிதில்லை. உள்ளே கலந்திருக்கும் பிக்மென்ட் எப்படி என்று சொல்லிவிடும். எஸ்.சி.இ. அந்த மினுக்கத்தைக் கழித்துவிடும். அது காட்டுவது கண்ணுக்குத் தெரிவதற்குக் கிட்டத்தில் இருக்கும். (ஆப்டிக்ஸ் படித்தவர்கள் "எஸ்.சி.இ.யும் கண்ணும் ஒன்றல்ல, அதற்கு 45 டிகிரியில் ஒளி விட்டு நேர் மேலிருந்து பார்க்கும் 45/0 கருவிதான் பொருத்தம், அரைகுறை மினுக்கத்தில் கழித்தல் முழுதாக நடக்காது" என்று கமெண்ட் போடுவார்கள். ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வது தொழிற்கூடத்தில் சரக்கை எடுப்பதா திருப்புவதா என்று முடிவு செய்ய வேண்டியவர்களுக்கு.)

எங்கள் கருவியை எஸ்.சி.ஐ.க்கு மாற்றினோம், இரண்டு பாதிகளுக்கும் வித்தியாசம் அரைக்குள் அடங்கிவிட்டது. அவருடையதை எஸ்.சி.இ.க்கு மாற்றினோம், 2-ஐத் தாண்டியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஆக, பிக்மென்ட்டில் குறையில்லை, மேற்பரப்பில்தான் வித்தியாசம். மினுக்கத்தை அளக்கும் கிளாஸ் மீட்டரை எடுத்தோம். ஒளி விழும் கோணம் 60 டிகிரியில் இரண்டு எண்களும் ஒற்றை இலக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. 85 டிகிரிக்குப் போனதும் இடைவெளி நன்றாக விரிந்தது. கடைசியில் தெரிந்தது என்னவென்றால், சைக்கிள் நேரத்தை, அதாவது ஒரு பாகம் வார்க்க ஆகும் நேரத்தை, குறைக்க அங்கே மோல்டின் வெப்பநிலையை இறக்கியிருக்கிறார்கள். மோல்டு குளிர்ந்திருந்தால் உருகிய பிளாஸ்டிக், டெக்ஸ்ச்சரின் நுண்ணிய பள்ளங்களுக்குள் முழுதாக இறங்குவதற்கு முன்பே உறைந்துவிடும். பரப்பு கொஞ்சம் வழவழப்பாகும், மினுக்கம் கூடும், நிறம் கறுத்துத் தெரியும்.

இதில் பெரிய ஆபத்து வேறு. எங்கள் புகாரைக் கேட்டு, மாஸ்டர்பேட்ச்சில் கொஞ்சம் வெள்ளை சேர்க்க அவர்கள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். சேர்த்திருந்தால் அந்த வாரம் கண்ணுக்குப் பொருந்தியிருக்கும். என்றைக்காவது யாராவது மோல்டு வெப்பநிலையைச் சரி செய்திருந்தால், அன்றிலிருந்து எல்லாம் வெளிறிப் போயிருக்கும். காரணம் கண்டுபிடிக்க ஒருவராலும் முடிந்திருக்காது.

உங்கள் இடத்தில் சிக்கல் வேறாக இருக்கலாம், பெயின்ட் என்றால் கதையே வேறு. ஆனாலும் இரண்டு ரிப்போர்ட்களையும் பக்கத்தில் வைத்து முதலில் எந்தத் தர ஒளிக்கு, எந்தப் பார்வைக் கோணத்துக்குக் கணக்கிட்டது என்று பாருங்கள். ஒன்றில் டி65 ஒளி, 10 டிகிரி என்றும் மற்றதில் சி ஒளி, 2 டிகிரி என்றும் இருந்தால் ஒப்பிடுவதிலேயே அர்த்தமில்லை. அடுத்து டெல்டா ஈ எந்தச் சூத்திரத்தில் போட்டது என்று கேளுங்கள். இதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. அடர் மஞ்சள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல் மதிப்பு (வெளிர்வு) ஒன்றுதான், ஏ மதிப்பு (சிவப்பு-பச்சை) பூஜ்யம், பி மதிப்பு (மஞ்சள்-நீலம்) மட்டும் ஒன்றில் 80, மற்றதில் 83. 1976 சூத்திரத்தில் டெல்டா ஈ சரியாக 3. அதையே சி.ஐ.இ.டி.இ. 2000 என்ற புதிய சூத்திரத்தில் போட்டால் 0.64 வரும். அளவு ஒன்று, கருவி ஒன்று, ஒரு ரிப்போர்ட்டில் ஃபெயில், இன்னொன்றில் பாஸ். அடர்ந்த நிறங்களில் கண் இவ்வளவு கூர்மையாக இல்லை என்பதால் புதிய சூத்திரம் அந்த வித்தியாசத்தைச் சுருக்கிக் காட்டுகிறது. "டெல்டா ஈ 1-க்குள்" என்று மட்டும் எழுதி, சூத்திரம் எழுதாத ஸ்பெக் ஷீட்டைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பாகம் சூடாக இருக்கிறதா என்பதும் முக்கியம். சிவப்பு, ஆரஞ்சு வகையறாக்கள் சூட்டில் நிறம் மாறும். மெஷினிலிருந்து விழுந்த கையோடு அளந்தால் ஒரு எண், ஆறிய பின் வேறு எண். அளப்பதற்கு முன் கருவியைச் சரிசெய்யும் வெள்ளை கேலிப்ரேஷன் டைல் அந்தந்தக் கருவிக்கே உரியது, சீரியல் நம்பர் போட்டிருப்பார்கள். பக்கத்து மேஜை டைலை எடுத்து வைத்து கேலிப்ரேட் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டைலில் விரல் ரேகை இருந்தால் அன்றைய எல்லா எண்களிலும் அது இருக்கும்.

கிளாஸ் மீட்டரைப் பற்றி ஒரு விஷயம். அது காட்டுவது சதவீதம் கிடையாது. ஒளிவிலகல் எண் 1.567 உள்ள மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடிக்கு 100 என்று வைத்துக்கொண்ட அளவு, அவ்வளவுதான். பாலிஷ் செய்த உலோகம் 100-ஐத் தாண்டிப் போனால் கருவி கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு அனுப்பாதீர்கள். 60 டிகிரியில் தொடங்குங்கள். 70-க்கு மேல் வந்தால் 20 டிகிரிக்கும், 10-க்குக் கீழே வந்தால் 85 டிகிரிக்கும் போங்கள். வளைந்த பரப்பில் வைத்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளமாக உலர்ந்த பெயின்ட்டும் கண்ணாடிபோல உலர்ந்த பெயின்ட்டும் ஒரே கிளாஸ் எண்ணைக் காட்ட முடியும். அதற்கு வேறு கருவி உண்டு.

நான் எந்தக் கருவி கம்பெனிக்கும் ஏஜெண்ட் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எதை வாங்கலாம் என்று தனியாகக் கேட்காதீர்கள். விற்க வருகிறவர்கள் அவர்களுடைய வழவழப்பான தட்டை டைலில் அளந்து காட்டுவார்கள். உங்கள் மோசமான பாகம் ஒன்றைக் கொடுத்து, பத்து முறை எடுத்து எடுத்து வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த உறைப் பிரச்சினை முடிந்த பிறகு நடந்த மீட்டிங்கில், சப்ளையரை "டெவலப்" செய்ததற்காகப் பர்ச்சேஸ் பிரிவைப் பாராட்டினார்கள். எங்களைக் கூப்பிடவே இல்லை. அதே பர்ச்சேஸ்தான் நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் லைட் பூத்தில் ஆயுள் முடிந்த டியூபை மாற்றக் கேட்டபோது "எரியுதே, அப்புறம் என்ன?" என்று திருப்பி அனுப்பியது. சரக்கு திரும்பி வந்தால் மட்டும் முதல் போன் எங்களுக்கு வரும். தரப் பிரிவில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், விடுங்கள்.

இன்றைக்கே சப்ளையருக்கு மெயில் போடுங்கள். எஸ்.சி.ஐ.யா எஸ்.சி.இ.யா, என்ன ஒளி, எந்தக் கோணம், எந்தச் சூத்திரம், கருவியின் வாய் (பாகத்தின் மேல் வைக்கும் அளக்கும் துளை) எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். கூடவே, அளந்த இடத்தைக் குறித்த அதே பாகத்தை அனுப்பச் சொல்லுங்கள். மெயிலில் உங்கள் மேலாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.