பாட ஆரம்பித்ததும் கை ஏன் ஓடுகிறது?

கேள்வி: வயது 43. இரண்டு வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறேன். வரிசைகள், அலங்காரங்கள் என்ற ஆரம்பப் பாடங்கள் தாளத்தோடு சரியாக வருகின்றன. கீர்த்தனை பாடும்போது மட்டும் தாளம் போடும் கை வார்த்தைகளோடு ஓடிவிடுகிறது. அரை இடம் தள்ளி எடுக்கிற (முதல் தட்டுக்கு அரை எண்ணிக்கை கழித்துத் தொடங்கும்) பாட்டு என்றால் முதல் வரியிலேயே தாளம் தப்புகிறது. மெட்ரோனோம் (சீரான வேகத்தில் 'டிக்' என்று ஒலிக்கும் கருவி) வைத்துப் பழகினால் சரியாகுமா?

பதில்: பாதி சரியாகும். மீதிப் பாதிக்கு, சிக்கல் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

சரளி வரிசையில் முதல் காலத்தில் (முதல் வேகத்தில்) ஒரு ஸ்வரத்துக்கு ஓர் எண்ணிக்கை. 'ஸ' பாடும்போது தட்டு, 'ரி' பாடும்போது சுண்டு விரல். வாய் அசைந்தால் கையும் அசைய வேண்டும் என்று உங்கள் கை மாதக்கணக்கில் பழகிவிட்டது. கீர்த்தனையிலோ ஓர் எழுத்து மூன்று எண்ணிக்கைக்கு நீளும், அடுத்த நாலு எழுத்து ஒரே எண்ணிக்கைக்குள் விழும். கை பாவம், பழைய பழக்கத்தில் எழுத்தைத் துரத்துகிறது.

ஆதி தாளத்தையே எடுத்துக்கொள்வோம். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு வீச்சு (கையைத் திருப்பி வீசுவது), தட்டு வீச்சு. மொத்தம் 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. சதுஸ்ர நடையில், அதாவது நாலு நாலாகப் பிரியும் ஓட்டத்தில், ஒவ்வோர் அட்சரத்துக்குள்ளும் 'தகதிமி' என்று 4 மாத்திரை. ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32. கை காட்டுவது எட்டைத்தான். மீதி 24 உங்களுக்குள் ஓட வேண்டும். தாளம் தப்புவது பெரும்பாலும் அந்த 24-இல்தான்.

அரை இடம் என்றால் இதுதான்: முதல் தட்டு விழும்போது மனதுக்குள் 'தக', பாட்டு எடுப்பது 'திமி'யில். ஒன்றரை இடம் என்றால் 'தகதிமி தக' என்று 6 மாத்திரை விட்டு, சுண்டு விரல் எண்ணிக்கையின் பாதியில் எடுக்க வேண்டும். நிறையப் பேர் தட்டு விழுந்தபிறகு மூச்சை இழுக்கிறார்கள். அரை இடத்துக்குள் அதற்கு நேரம் கிடையாது. முந்தைய ஆவர்த்தனத்தின் கடைசி வீச்சிலேயே மூச்சை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. மேற்கத்திய இசையில் நாலு எண்ணிக்கைக் கட்டு என்றால் முதல் அடியில் இயல்பாகவே ஓர் அழுத்தம் உண்டு. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதும் அதையே எதிர்பார்க்கும். நம் தாளத்தில் தட்டு என்பது இடத்தைக் காட்டும் அடையாளம். தட்டு விழுகிறதே என்று குரலால் அங்கே அழுத்தாதீர்கள்.

பயிற்சிக்கு வருவோம். ஒரு வாரம் பாடவே வேண்டாம். ஆதி தாளம் போட்டுக்கொண்டே நாளிதழை வாய்விட்டுப் படியுங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், விடாதீர்கள். வாய் எப்படி ஓடினாலும் கை தன்பாட்டுக்குப் போக வேண்டும். அது வந்தபிறகு கீர்த்தனையின் சாகித்தியத்தை (பாடல் வரிகளை) ராகம் இல்லாமல், அந்தந்த இடத்தில் விழும்படி பேசிப் பாருங்கள். ராகத்தைக் கடைசியாகச் சேருங்கள். மிஸ்ர சாபு தாளம் என்றால் உள்ளே ஓடுவது 'தகிட தகதிமி'. மற்றபடி வழி இதேதான்.

மெட்ரோனோம் வேகத்தைக் காப்பாற்றும். நாம் மூன்றாவது எண்ணிக்கையில் இருக்கிறோமா ஏழாவதில் இருக்கிறோமா என்பது அதற்குத் தெரியாது. நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை வேகத்தில் பாடுவதானால் அதை 40-இல் வையுங்கள். முதல் தட்டு, மோதிர விரல், பிறகு வரும் இரண்டு தட்டுகள், இவற்றில் மட்டும் சத்தம் கேட்கும். நடுவில் உள்ளதை நீங்களே தாங்கியாக வேண்டும்.

பத்து நாள் கழித்து, பாடும்போது கையை மட்டும் செல்போனில் படம் எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வார்த்தை எங்கே நெருங்கியது, எங்கே நீண்டது என்று விரல்களின் வேகத்தை வைத்தே சொல்ல முடிகிறதா? அப்படியானால் அந்த வரியில் கை இன்னும் பாட்டைத் துரத்துகிறது. அந்த வரியை மட்டும் மறுபடி பேச்சிலிருந்து தொடங்குங்கள்.