வரி போனது, பிரீமியம் ஏன் குறையவில்லை?

கேள்வி: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 67 வயது அப்பா, 62 வயது அம்மா என்று ஆறு பேருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒரே மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி (ஃபேமிலி ஃப்ளோட்டர்) வைத்திருக்கிறேன். போன ஆண்டு 59,000 ரூபாய் கட்டினேன். ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தை நீக்கிவிட்டார்களே, பத்தாயிரமாவது குறையும் என்று நினைத்தேன். 55,000 கட்டச் சொல்லி வந்திருக்கிறது. ஒரு மாதச் சம்பளமே இதற்குப் போய்விடுகிறது. இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: போன ஆண்டு ரசீதை எடுத்துப் பாருங்கள். 59,000-இல் பிரீமியம் 50,000, வரி 9,000. 18 சதவீதம் என்பது அந்த 50,000 மேல் போட்ட கணக்கு. ஆகவே குறைய வேண்டியது 9,000தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு அந்த வரி இல்லை, அது உங்களுக்கும் போய்விட்டது. ஆனால் 50,000 இப்போது 55,000 ஆகியிருக்கிறது. சரியாக 10 சதவீத உயர்வு. அறுபது வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. உங்கள் நிறுவனம் அந்தக் கோட்டைத் தாண்டாமல், கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறது.

என் பார்வையில் உங்கள் சிக்கல் தொகையில் இல்லை, ஆறு பேரையும் ஒரே பாலிசியில் போட்டதில் இருக்கிறது. ஃப்ளோட்டரில் பெரும்பாலும் மூத்தவரின் வயதை வைத்துத்தான் விலை போடுகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தாத்தாவின் வயதுக்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு ஒரு இதய அறுவை சிகிச்சை நடந்தால் 5 லட்சமும் அதிலேயே தீர்ந்து, மற்ற ஐந்து பேரும் அந்த ஆண்டு முழுவதும் வெறுங்கையோடு நிற்க நேரலாம். பெற்றோருக்குத் தனிப் பாலிசி, உங்கள் நால்வருக்குத் தனிப் பாலிசி என்று பிரித்தால் என்ன ஆகும் என்று விலை கேளுங்கள். மொத்தச் செலவு குறையும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஏறக்குறைய இதே பணம் ஆனாலும் 5 லட்சம் இரண்டு இடத்தில் இருக்கும்.

இன்னும் கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் அடிப்படைப் பாலிசியைப் பெரிதாக்க வேண்டாம். 5 லட்சத்துக்கு மேல் ஆகிற செலவை மட்டும் ஏற்கிற சூப்பர் டாப்-அப் போதும், விலை மிகவும் குறைவு. 'சூப்பர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு முறை மருத்துவமனையில் படுப்பதையும் தனித்தனியாகக் கணக்கிடும். சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதுக்குமான செலவைக் கூட்டிப் பார்க்கும்.

பிரிப்பதோ வேறு நிறுவனத்துக்கு மாறுவதோ, புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். இதுவரை கழிந்த காத்திருப்புக் காலத்தையும் (ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்காத தொடக்க காலம்) கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும்வரை பழையதை விட்டுவிடாதீர்கள். அப்பாவின் வயதில் மறுக்கவும் செய்வார்கள்.

'வருமான வரி மிச்சமாகுமே' என்று யாராவது சொன்னால், நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான வரிச் சலுகை பழைய முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. 3 லட்சம் ரூபாய் பாலிசி இருந்தது. பில் 2 லட்சம். அறை வாடகைக்கு உச்சவரம்பு பாலிசித் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 3,000 ரூபாய். நாங்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை, ஐந்து நாள். 15,000 பிடித்திருந்தால் புரிந்திருக்கும். 65,000 கட்டித்தான் டிஸ்சார்ஜ் செய்ய முடிந்தது. எப்படி? (கோவை வாசகி)

பதில்: அனுமதித்ததைவிட இரண்டு மடங்கு வாடகைக்கு அறை எடுத்ததால், அறையோடு சேர்ந்து ஏறுகிற டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம், நர்சிங் எல்லாவற்றையும் பாதியாக்கிவிட்டார்கள். நீங்கள் அனுப்பிய பில்லில் அவை 1 லட்சம்; கிடைத்தது 50,000. அறைக்கு 30,000-இல் 15,000. மருந்து, பரிசோதனை 70,000 முழுதாகக் கிடைத்திருக்கிறது. ஆக 1,35,000. கணக்கு சரி, விதியும் பாலிசியில் இருக்கிறது. மருந்து, உள்வைப்புக் கருவிகள், பரிசோதனை, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது. அவற்றிலும் கைவைத்திருந்தால் சண்டை போடச் சொல்லியிருப்பேன்.

இரவு பதினோரு மணிக்கு அட்மிஷன் கவுன்டரில் 'டீலக்ஸா, சாதாரண அறையா' என்று கேட்கும்போது யாருக்கும் பாலிசியின் ஒன்பதாம் பக்கம் நினைவுக்கு வராது. ஆகவே அடுத்த முறை புதுப்பிக்கும்போது, வாடகை வரம்பு இல்லாத பாலிசியாகக் கேளுங்கள். சில ஆயிரம் கூடலாம், கொடுங்கள். 'மலிவாக இருக்கிறது' என்று உங்களிடம் காட்டுகிற பாலிசி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மலிவாகியிருக்கும்.

விதிக்கு மாறாகப் பணம் பிடிக்கப்பட்டவர்கள் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் ஒப்பவில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஓராண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. தனியாகவும் எடுக்க வேண்டுமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் அந்த அட்டை. அப்படியானால் பிரீமியம் கட்டக் கடன் வாங்காதீர்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை அரசு பொறுப்பேற்கிறது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும், அங்கீகரித்த மருத்துவமனைகளுக்கும்தான் செல்லும் என்பதால் பக்கத்து ஊர் மருத்துவமனை அதில் இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதைப் படிவத்தில் எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும் என்கிறார் ஏஜென்ட். (கரூர் வாசகர்)

பதில்: எழுதுங்கள். எழுதினால் அதிகபட்சம் 36 மாதம் அந்த நோய்க்குக் காத்திருக்க வேண்டும், அதன் பிறகு கிடைக்கும். மறைத்தால், முதல் ஐந்து ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் அதைக் காட்டி மறுக்கலாம். மருத்துவமனைக் கேஸ் ஷீட்டில் 'சர்க்கரை, எட்டு ஆண்டாக' என்று உங்கள் அப்பாவே டாக்டரிடம் சொல்லியிருப்பார். ஏஜென்ட் அப்போது அங்கே இருக்க மாட்டார். இப்போது சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லிப் பாருங்களேன்.