வீட்டில் மாடல் வேலை செய்யும் மேசைக்கு எந்த விளக்கு வாங்கலாம்? அதிக வாட் போட்டால் சரியாகுமா?

இரவில் சன்னலோர மேசையில் உட்கார்ந்து குண்டம் என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் ரோபோ மாடல்களுக்கு வர்ணம் பூசும்போது கண் எரிகிறது, கூரை விளக்கைப் பெரிதாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் மாற்றிப் பார்த்துக் காசை விட்டவன்.

என் பைத்தியம் பழைய ரேடியோ. சிங்கப்பூர் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடுவதற்கு முன்னால் வாங்கிப் போட்டவையே இன்னும் பாதி திறக்காமல் கிடக்கின்றன. வேலை நடக்கும் இடம் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு பாம் ஷெல்டர், அதாவது குண்டு விழுந்தால் ஒதுங்கக் கட்டிய சின்ன அறை. சன்னலே இல்லை, நண்பகலிலும் விளக்குதான். (சால்டரிங் செய்யும்போது கதவைத் திறந்து ஃபேனைப் போட்டுவிடுவேன். அந்தப் புகையைப் பற்றி வீட்டில் நடக்கும் பஞ்சாயத்து தனிக்கதை.)

பிரச்சினை வாட்டில் இல்லை, விளக்கு இருக்கும் இடத்தில். கூரை விளக்கு அறை நடுவில் இருக்கும், மேசை சுவரோரம் இருக்கும். உட்கார்ந்ததும் விளக்கு முதுகுப் பக்கம் போய்விடும், நம் தலை நிழலே வேலைமேல் விழும். எத்தனை வாட் போட்டாலும் அந்த நிழல் அங்கேதான் இருக்கும். அதற்குப் பதில் மேசை விளிம்பைக் கவ்விப் பிடிக்கும், மடக்கி நீட்டும் கை உள்ள விளக்காக வாங்குங்கள். ஒரு சின்ன பல்பை 80 சென்டிமீட்டரிலிருந்து 40க்குக் கொண்டுவந்தால், கிட்டத்தட்ட நாலு மடங்கு வெளிச்சம் விழும், மின் கட்டணம் கூடாமலே. வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் முன்னாலிருந்து வரட்டும், தூரிகையின் நிழல் வேலையை மறைக்காது. பல்பு கண்ணில் படாதபடி மூடி தாழ்ந்திருக்க வேண்டும். கூரை விளக்கையும் அணைக்காதீர்கள். இருட்டறையில் மேசை மட்டும் பளீரென்று இருந்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

அடுத்தது நிறம். வர்ணம் பூசுகிற உங்களுக்கு என்னைவிட இதுதான் முக்கியம். நான் முதலில் வாங்கியது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தரும் மலிவான எல்இடி. நல்ல பிரகாசம்தான். ஆனால் ரேடியோவுக்குள் இருக்கும் ரெசிஸ்டரின் (மின்தடை) அளவை அதன்மேல் உள்ள வண்ணக் கோடுகளை வைத்துத்தான் படிக்க வேண்டும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று கோடு போட்டது 1,000 ஓம். அதே வரிசையில் மூன்றாவது கோடு ஆரஞ்சு என்றால் 10,000. அந்த வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஒன்றை மாற்றி வைத்துவிட்டு, ரேடியோ ஏன் முனகுகிறது என்று இரண்டு ராத்திரி தேடினேன். என் மனைவி அதே விளக்கில் ரவிக்கைக்கு ஆரி வேலை நூல் எடுத்தாள். காலையில் வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது மெரூனா?" என்றாள். அது பழுப்பு.

அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்வது, உச்சம் 100. சாதாரண வீட்டு எல்இடி 80 பக்கம் இருக்கும், நீங்கள் 90க்குக் குறையாமல் பாருங்கள். அந்த எண் வெளிர் நிறங்கள் எட்டை வைத்துக் கணக்கிடுவது. அடர் சிவப்பு அதில் சேராது, ஆர்9 என்று தனியாகப் போடுவார்கள். அதையும் போட்டிருக்கும் கம்பெனி என்றால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும். கெல்வின் என்பது வேறு விஷயம், வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று சொல்வது. நான் 4,000இல் நிற்கிறேன். வர்ணத்துக்கு 5,000 வரை போகலாம்.

கடையில் எரிகிற விளக்கைக் கைப்பேசி கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். பாலஸ்டியர் சாலையில் வரிசையாக விளக்குக் கடைகள் இருக்கின்றன, எரிய வைத்துக் காட்டச் சொல்லலாம். கையோடு ஒரு சிவப்பு வர்ணப் பாட்டிலையும் கொண்டுபோங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் நம் ஊர் 230 வோல்ட்டுக்குச் சரிவருமா, மூன்று பின் பிளக்கும் சேஃப்டி மார்க் என்னும் பாதுகாப்பு முத்திரையும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூதக்கண்ணாடி வைத்த விளக்கு ஆசை வரும், எனக்கும் வந்தது. டயாப்டர் என்பது கண்ணாடியின் பவர். 3 டயாப்டர் என்றால் 1.75 மடங்குதான் பெரிதாகக் காட்டும், முக்கால்வாசி வேலைக்கு அது போதும். 5 வாங்கினால் பார்வை எல்லை சுருங்கி, தூரிகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடம் போதாமல் போகும். வாங்கினால் வேலை முடிந்ததும் கட்டாயம் துணி போட்டு மூடிவையுங்கள். எனக்குச் சன்னல் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. மேசையில் சட்டென்று தீப்பற்றும் தின்னர் (வர்ணம் கரைக்கும் திரவம்) வேறு வைத்திருப்பீர்கள். வெயில் அந்தக் கண்ணாடி வழியாக ஓரிடத்தில் குவிந்தால் தீப்பிடிக்கும்.